மாரிகாலம் சென்றதற்குச் சான்றுகள்: உன்னதப்பாட்டு 2:10–13 பற்றிய ஒரு திறனாய்வு

உன்னதப்பாட்டின் இரண்டாம் அதிகாரத்தில் பத்தாம் வசனம் தொடங்கிப் பதின்மூன்றாம் வசனம் முடிய உள்ள பகுதி நமது திருச்சபைகளில் பெரிதும் எடுத்தாளப்படுவது. திருமண ஆராதனைகளில் அது வாசிக்கப்படுகிறது. உயிர்த்தெழுந்த திருநாளின் அருளுரைகளில் மேற்கோளாகிறது. ஆண்டின் முதல் நாளில் வாக்குத்தத்த வசனமாக அட்டையில் அச்சிடப்பட்டு வீட்டுச் சுவர்களிலும் இடம்பெறுகிறது. இவ்வளவு பழகிய பகுதியாயினும், அதன் சொற்களையும் அது பிறந்த நிலத்தையும் அருகருகே வைத்து நோக்குவோர் நம்மிடையே சிலரே. நீண்ட மாரிகாலத்தின் முடிவில் பருவம் மாறுவதற்கான முதல் அடையாளங்களை ஒருவன் தன் காதலிக்கு எடுத்துரைக்கும் காட்சி இது. அவ்வடையாளங்கள் எவை, எம்முறையில் அடுக்கப்பட்டுள்ளன, கூறுபவன் எந்த உரிமையால் கூறுகிறான் என்பவற்றை இங்கு ஆராய விரும்புகிறோம். இறுதியாகச் சுட்டிய வினா ஆயர் பணியோடு நேரடித் தொடர்புடையது.

முதற்கண், இப்பகுதியில் ‘வசந்தம்’ என்னும் சொல்லே இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எபிரேயத் திருமறை ஆண்டைப் பெரும்பாலும் இரண்டாகவே பகுக்கிறது. ஆதியாகமம் 8:22 கோடையையும் மாரியையும் கூறுமே தவிர அவற்றுக்கு இடைப்பட்ட பருவம் ஒன்றைப் பெயரிட்டுக் கூறவில்லை. உன்னதப்பாட்டு 2:11 மாரிகாலத்தைக் குறிக்க ‘ஸ்தாவ்’ என்னும் சொல்லை ஆள்கிறது. எபிரேயத் திருமறை முழுவதிலும் அச்சொல் வருவது இவ்வோரிடத்தில்தான். இக்கால எபிரேய மொழியில் அது இலையுதிர் பருவத்தைக் குறிக்கிறது என்பது சொல்லின் வரலாற்றிலே ஒரு வேடிக்கை. மார்ட்டின் லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் பன்னிரண்டாம் வசனத்தில் வசந்தத்தைக் குறிக்கும் சொல்லைத் தாமாகவே அமைத்துக்கொண்டார். பனியுறைந்த நாட்டில் வாழ்ந்தவர்க்கு அது இயல்பு. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளரோ குளிரையும் பனியையும் முன்வைக்காது, ‘மாரிகாலம்’ என்றே எழுதினர். இது மிகப் பொருத்தமான தேர்வு. பலஸ்தீனத்தின் குளிர்காலம் முதன்மையாக மழைக்காலமே. எருசலேமில் ஆண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இலண்டன் மாநகரின் ஆண்டு மழை இதனினும் மிகப் பெரிதன்று. ஆயின் அங்கே பன்னிரண்டு மாதங்களில் பகிர்ந்து பெய்வது இங்கே அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பெய்து தீர்கிறது. அதிலும் பெரும்பகுதி டிசம்பர், ஜனவரி, பெப்ருவரி ஆகிய மூன்று திங்களில் கொட்டுகிறது.

அம்மழைக்காலம் மக்களை எவ்வாறு வீட்டினுள் அடைத்தது என்பதைத் திருமறையே பல இடங்களில் காட்டுகிறது. எஸ்றா பத்தாம் அதிகாரத்தில் ஒன்பதாம் மாதத்திலே தேவாலய வீதியில் கூடிய மக்கள், தங்கள் பாவத்தை எண்ணி மட்டுமன்று, அடைமழையினாலும் நடுங்குகின்றனர். வெளியிலே நிற்க இயலாது என்று அவர்களே முறையிடுகின்றனர். அதே ஒன்பதாம் மாதத்தில் யோயாக்கீம் அரசன் குளிர்கால மாளிகையில் கணப்பின் முன் அமர்ந்து எரேமியாவின் சுருளைத் துண்டு துண்டாக எரிக்கிறான். யோவான் நற்செய்தியாளர் பிரதிஷ்டைப் பண்டிகையைக் குறிப்பிடும்போது அது மாரிகாலம் என்றும், ஆண்டவர் சாலொமோனின் மண்டபத்திலே உலாவினார் என்றும் இணைத்தே எழுதுகிறார். கூரையுள்ள இடத்தில் அவர் உலாவியதன் காரணம் அதிலே அடங்கியிருக்கிறது. பாதைகள் சேறாகி, மலைச்சரிவின் ஓடைகள் பெருகி, ஓரூரார் மற்றோரூர் செல்லுதல் அரிதாகிவிடும் காலம் அது. ஆகவே மலைகளைத் தாண்டி வரும் காதலன் மழை ஓய்ந்தது என்பதையே முதற்செய்தியாகக் கூறுவது வெறும் வருணனையன்று. அவன் வந்து சேர்ந்தமைக்கும், அவளை வெளியே அழைப்பதற்கும் அதுவே காரணம்.

இங்கு நம் அருளுரை மரபின் மீது ஒரு குறையைச் சொல்லாமல் செல்ல இயலாது. மாரிகாலம் என்றவுடன் அதனைத் துன்பம் என்றும், பாவ இருள் என்றும், சாபம் என்றும் விரித்துரைப்பது வழக்கமாகிவிட்டது. திருமறையில் மழை சாபமன்று. முன்மாரியும் பின்மாரியும் உடன்படிக்கையின் ஈவுகள் என்று உபாகமம் 11:14 உரைக்கிறது. மழைக்காகக் கண்ணீரோடு வேண்டுதல் செய்யும் நம் சபைகளில், மழை போய்விட்டது என்பதை நற்செய்தியாக அறிவிக்கும்போது எவரும் ஐயம் எழுப்புவதில்லையே என்பது நமக்கு வியப்பு. உன்னதப்பாட்டின் காதலன் மழையை வெறுத்து ஒரு சொல்லும் கூறவில்லை. அது தன் பணியை முடித்துச் சென்றது என்கிறான், அவ்வளவே. அவன் சுட்டும் மலரும் காயும் கொடியும் அம்மழையின் மக்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். இவ்வசனத்தை அட்டையில் அச்சிட்டு நாம் சனவரி முதல் நாளில் வழங்குகிறோம். இவ்வசனம் பிறந்த நாட்டிலே அந்நாளில் மழை முழு வலிமையோடு பெய்துகொண்டிருக்கும்.

இனி அடையாளங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலில் மலர்கள் நிலத்திலே காணப்படுகின்றன. மரத்தில் பூப்பன அல்ல, மண்ணிலிருந்து எழும் மலர்கள். கலிலேயாவிலும் யூதேயாவின் சரிவுகளிலும் அனிமோனி என்னும் செந்நிறப் பூக்கள் மழைக்காலம் முடியுமுன்னரே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன. ஜனவரியிலே சில, மார்ச்சு மாதத்திலே திரள் திரளாக. இவை சில நாளே நிற்பவை. கோடைக் காற்று வீசினால் உலர்ந்துபோகும். காட்டுப் பூவையும் புல்லையும் பற்றி ஆண்டவர் கூறியது இந்நிலத்தைக் கண்டவரின் கூற்று.

அடுத்து வரும் சொற்றொடர்தான் உரையாசிரியர்களை இரு கூறாகப் பிரித்தது. ‘ஸாமீர்’ என்பதன் காலம் வந்தது என்கிறது மூலம். ஸாமீர் என்பதற்குப் பாடுதல் என்றும் பொருளுண்டு. கொடியைக் கத்தரித்தல் என்றும் பொருளுண்டு. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பும் இலத்தீன் வுல்காத்தாவும் கத்தரித்தல் என்றே கொண்டன. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் போலவே, பாடுதல் எனக் கொண்டு, அதற்குக் குருவிகளையும் சேர்த்துக்கொண்டது. மூலத்திலே குருவிகள் இல்லை. கேசேரில் 1908-ஆம் ஆண்டு மெக்காலிஸ்டர் கண்டெடுத்த சிறு சுண்ணாம்புக்கல் பலகை, ஏறத்தாழ கி.மு. பத்தாம் நூற்றாண்டினது, உழவர் ஆண்டின் பணிகளைத் திங்கள் வாரியாக வரிசைப்படுத்துகிறது. அதிலே இதே வேர்ச்சொல் இரண்டு திங்களுக்குரிய பணியாக வருகிறது. எனினும் அப்பலகை அதனைத் தானிய அறுப்புக்குப் பின்னரே வைக்கிறது. மழை ஓய்ந்தவுடன் வரும் காலத்தோடு அது ஒத்துவரவில்லை. ஆகவே கேசேர்ப் பலகையைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்துவிட்டதாகச் சொல்வோரின் துணிவை நாம் ஏற்பதற்கில்லை.

சைரஸ் கோர்டன் என்னும் அறிஞர் 1978-இல் இவ்விடத்துக்கு ஒரு விளக்கம் தந்தார். கவிஞர் இரு பொருளையும் வேண்டுமென்றே வைத்தார் என்பது அவர் கருத்து. கத்தரித்தல் என்னும் பொருள் முன்னே வந்த மலர்களை நோக்குகிறது. பாடுதல் என்னும் பொருள் பின்னே வரும் புறாவின் குரலை நோக்குகிறது. ஒரு சொல் இருபுறமும் முகம் காட்டி நிற்கிறது என்றார் அவர். மேலைநாட்டு அறிஞர் இதனைப் புதிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடினர். தமிழ் மாணவர்க்கு இது அத்துணைப் புதிதன்று. ஊசல்போல நடுநின்று இருபாலும் சென்று பொருந்தும் தாப்பிசைப் பொருள்கோளையும், ஒரு சொல்லை இரட்டுற மொழிதலையும் நாம் பள்ளியிலேயே பயின்றிருக்கிறோம். இரண்டும் ஓரிடத்தில் கூடிய அமைப்பு இது என்று சொல்லிவிடலாம். வருங்காலத்தில் இந்நூலைத் தமிழாக்குவோர் குருவிகளை விடுத்து, இவ்விரு பொருளையும் தாங்கவல்ல சொல்லொன்றைத் தேடுவாராக.

மூன்றாவது, காட்டுப்புறாவின் குரல். எபிரேயத்தில் ‘தோர்’ எனப்படும் இப்பறவை ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரல் மாதத்தையொட்டிப் பலஸ்தீனத்துக்கு வந்து சேர்கிறது. அதன் பெயரே அதன் குரலைப் போலிசெய்வது. அடுத்த வசனத்திலே கன்மலை வெடிப்புகளில் தங்கும் புறாவுக்குக் கவிஞர் வேறு சொல்லை ஆள்கிறார். அது ஆண்டு முழுதும் அந்நாட்டிலேயே தங்கும் இனம். எந்தப் புறாவின் குரலும் பருவத்துக்குச் சான்றாகாது, போய்த் திரும்பி வந்த புறாவின் குரலே சான்று என்பதைக் கவிஞர் அறிந்திருக்கிறார். எரேமியா 8:7-லும் நாரையோடும் பிற பறவைகளோடும் இதே புறா தன் காலத்தை அறிந்தது என்று கூறப்பட்டு, அறியாத மக்களுக்கு எதிரே நிறுத்தப்படுகிறது. நம் நாளிலே இப்பறவையினம் அருகி வருகிறது. 2015-இல் அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. படைப்பின் இறையியலைக் கற்பிப்போர் இச்செய்தியை இவ்வசனத்தோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பது நன்று.

நான்காவது அத்தி. இங்கே வருவது பழமன்று, ‘பக்கீம்’ எனப்படும் பச்சைப் பிஞ்சு. கடந்த ஆண்டின் கிளையிலே இலை தளிர்க்கும் காலத்தில் தோன்றி ஜூன் மாதத்தையொட்டிப் பழுக்கும் முதற்காய் அது. பெத்பகே என்னும் ஊர்ப்பெயர் இச்சொல்லோடு தொடர்புடையது என்பர். அத்தியின் செயலைக் குறிக்கக் கவிஞர் ஆண்ட வினைச்சொல், யாக்கோபின் உடலுக்குச் சுகந்தவர்க்கமிட்டதைக் கூறும் ஆதியாகமம் 50:2-இன் வினையோடு ஒரே எழுத்துக்களை உடையது. பிஞ்சினுள்ளே சாறும் நிறமும் மெல்ல ஊறுவதை அச்சொல் நினைப்பூட்டுகிறது. ஐந்தாவது திராட்சை. ‘ஸ்மாதார்’ என்னும் அரிய சொல் திருமறையில் உன்னதப்பாட்டில் மட்டுமே வருகிறது. ஆத்சோரில் யிகாயேல் யாதீன் 1955 முதல் 1958 வரை நடத்திய அகழாய்வில் கிடைத்த கி.மு. எட்டாம் நூற்றாண்டின் சாடியொன்றில், பெக்கா என்னும் பெயரோடு இச்சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தது. திராட்சைப்பூ மிகச் சிறியது, பச்சை நிறத்தது, இலைகளிடையே அதனைத் தேடித்தான் காணவேண்டும். அதனாலேயே கவிஞர் கொடி பூத்ததைக் காண்பதோடு நிறுத்தாமல், அது மணம் வீசுகிறது என்கிறார். அப்பூவுக்கு வேறு விளம்பரமில்லை.

இவ்வைந்தையும் சேர்த்து நோக்கும்போது இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, இவை ஒரே காலைப்பொழுதின் காட்சியல்ல. நிலத்து மலர்கள் பெப்ருவரி, மார்ச்சில், அத்திப்பிஞ்சு மார்ச்சை ஒட்டி, புறா ஏப்ரலில், திராட்சைப்பூ ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும். கவிஞர் இரண்டு மூன்று திங்களின் நிகழ்ச்சிகளை நான்கு வசனங்களில் சுருட்டி வைத்திருக்கிறார். உழவர் ஆண்டை நன்கறிந்தவர்க்கு இது புலப்படாதிராது. குஸ்தாவ் தால்மான் பலஸ்தீன மக்களின் வேலையையும் வழக்கத்தையும் பற்றி எழுதிய பெருநூலின் முதற்பகுதி 1928-இல் வெளிவந்தது. ஆண்டின் போக்கையும் நாளின் போக்கையும் பற்றியே அவர் அங்கே எழுதினார். டிசம்பர் இறுதியில் தொடங்கும் நாற்பது நாளைக் கடுங்குளிர் என்றும், அடுத்த ஐம்பது நாளை நான்கு கூறாகவும் பகுப்பது அந்நாட்டு அரபு உழவர் மரபு. மூன்றாம் கூற்றிலே மரத்தின் உள்ளே நீர் ஓடத் தொடங்கும் என்பர். நான்காம் கூற்றிலே மறைந்திருந்த பாம்பும் பூச்சியும் வெளிப்படும் என்பர். குளிர்காலம் ஒரு நாளிலே முடிந்துவிடுவதாக அவர்கள் எவரும் எண்ணவில்லை.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. ஒன்பதாம் வசனத்தின்படி அவள் சுவருக்கு அப்பால் இருக்கிறாள். அவன் கிராதி வழியே எட்டிப் பார்க்கிறான். அவன் முதலிற் கூறும் மலர்களை அவள் இருந்த இடத்திலிருந்து காண முடியாது. அவன் சொல்லை நம்பவேண்டும். ஆனால் புறாவின் குரல் சுவரைக் கடந்து வரும். திராட்சையின் மணமும் கிராதிக்குள் புகும். கண்ணுக்குரிய சான்றில் தொடங்கிச் செவிக்கும் மூக்கிற்கும் உரிய சான்றுகளுக்குச் செல்லும் இவ்வரிசை, வெளியே இருப்பவனின் அறிவிலிருந்து உள்ளே இருப்பவளின் அறிவுக்கு வழக்கைக் கொண்டு செல்கிறது. தன் சொல்லை மட்டும் நம்பச் சொல்லாமல், அவளே உணரக்கூடிய சான்றுகளிடம் அவளை ஒப்படைக்கிறான். இப்பகுதியின் தலைசிறந்த பண்பு இதுவே என்பது நம் துணிபு.

உருவக விளக்கம் செய்த பழைய ஆசிரியர்களை இதனால் நாம் இகழ்வதாக எண்ணவேண்டா. யூதரின் அரமேயத் தார்கூம் மாரிகாலத்தை எகிப்தின் அடிமைத்தனமாகக் கொண்டு, இப்பகுதி முழுவதையும் விடுதலைப் பயணத்தின் கதையாகச் சொல்கிறது. பஸ்கா நாட்களில் உன்னதப்பாட்டை வாசிக்கும் அவர்கள் வழக்கம் இதனோடு பொருந்துகிறது. வாசிப்பின் வேளையில் ஆலயத்துக்கு வெளியே அத்தியும் திராட்சையும் அதே செய்தியைக் கூறிக்கொண்டிருக்கும் என்பதால், அவர்கள் உருவகம் மண்ணை விட்டு அகலவில்லை. கிளேர்வோவின் பெர்னார்து இந்நூலின் மீது 86 அருளுரைகள் இயற்றி, மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டுமுன் 1153-இல் மறைந்தார். கத்தரித்தலையும் புறாவின் குரலையும் பற்றித் தனித்தனி அருளுரையே செய்தார். ஒரு சொல்லிலே அவ்வளவு நேரம் தங்கும் பொறுமை நம்மில் எவருக்குண்டு? நம் குறை உருவகம் செய்வதிலன்று. பூவையும் பறவையையும் ஒருமுறையேனும் பார்க்காமல் உருவகத்துக்குத் தாவிவிடுவதிலேதான் இருக்கிறது.

பருவத்தின் முதற்குறி எப்போதும் ஆறுதலைத்தான் கூறும் என்ற எண்ணத்தையும் திருமறை ஆதரிக்கவில்லை. பலஸ்தீனத்தின் மரங்களுள் முதலிற் பூப்பது வாதுமை. ஜனவரி இறுதியிலும் பெப்ருவரியிலும், குளிர் நீங்குமுன்னரே, இலையில்லாக் கிளையில் அது வெண்மையாகப் பூக்கிறது. எபிரேயத்தில் அதன் பெயர் ‘ஷாக்கேத்’. விழித்திருப்பதைக் குறிக்கும் ‘ஷோக்கேத்’ என்னும் சொல்லோடு அது ஒலியால் ஒன்றுபடுகிறது. எரேமியா முதலாம் அதிகாரத்தில் வாதுமைக் கிளையைக் காண்கிறார். நன்றாய்க் கண்டாய் என்னும் கருத்துப்பட ஆண்டவர் அவரைப் பாராட்டுகிறார். ஆனால் அடுத்து வருவது வடக்கிலிருந்து கொதித்து வரும் பானையின் தரிசனம். தம் வார்த்தையை நிறைவேற்ற ஆண்டவர் விழித்திருக்கிறார் என்பதற்கு வாதுமை சான்றாயிற்று. அவ்வார்த்தையோ நியாயத்தீர்ப்பு. இன்னும் 2 சாமுவேல் 11:1-ஐ நோக்குவோம். ஆண்டு திரும்பும் வேளை, அரசர்கள் போருக்குப் புறப்படும் காலம் என்று அவ்வதிகாரம் தொடங்குகிறது. மழை ஓய்ந்து பாதை உலர்ந்தால் காதலன் மட்டுமன்று, படையும் வரும். உரியா இறந்தது அப்பருவத்திலேதான்.

இவ்விடத்தில் ரபிமாரின் மரபிலிருந்து ஒரு செய்தியை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். ‘ஆபீப்’ என்னும் மாதப்பெயர் முதலில் பச்சை வாற்கோதுமைக் கதிரைக் குறித்தது. யாத்திராகமம் 9:31-இல் அப்பொருளிலேயே வருகிறது. சந்திர மாதங்களைப் பின்பற்றும் நாட்காட்டி சூரியனோடு ஒத்துவராமல் பின்தங்கும்போது, ஓராண்டில் பதின்மூன்றாம் மாதத்தைச் சேர்ப்பதா வேண்டாவா என்பதை ஆலோசனைச் சங்கத்தார் தீர்மானித்தனர். அதற்கு மூன்று சான்றுகள் ஆராயப்பட்டன: வாற்கோதுமைக் கதிர், மரங்களின் கனி, சூரியனின் நிலை. ஒன்றை மட்டும் கொண்டு தீர்மானிக்கலாகாது, இரண்டேனும் ஒத்துவரவேண்டும் என்பது விதி. தல்மூதின் சன்ஹெதரின் நூலில் கமாலியேல் தேவாலய மலையின் படியில் அமர்ந்து எழுத்தனைக்கொண்டு எழுதுவித்த கடிதமொன்றின் செய்தி காணக்கிடக்கிறது. புறாக்குஞ்சுகள் இன்னும் இளையவை, ஆட்டுக்குட்டிகள் வலுப்பெறவில்லை, கதிர் முற்றவில்லை. ஆதலால் இவ்வாண்டோடு முப்பது நாள் கூட்டினோம் என்று தொலைவிலுள்ள யூதருக்கு அவர் அறிவிக்கிறார். திருநாள் வந்துவிட்டது என்று அறிவிக்க மக்கள் எல்லாரும் காத்திருக்கும்போது, இன்னும் வரவில்லை என்று எழுதும் அக்கடிதத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம். அதிகாரம் அவரிடமிருந்தது, ஆயினும் குஞ்சையும் குட்டியையும் கதிரையும் கேட்டறிந்த பின்னரே அதனைப் பயன்படுத்தினார்.

தமிழ் அக இலக்கியத்தோடு உன்னதப்பாட்டை ஒப்பிடும் ஆய்வுகள் இவ்விடத்தில் நமக்குத் துணையாகின்றன. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஹாயிம் ராபின் 1973-இல் எழுதிய கட்டுரை, சாலொமோன் காலத்து வணிகத்தின் வழியாகத் தமிழ்க் காதற்பாடலின் மரபு இந்நூலைத் தொட்டிருக்கலாம் என்று வாதிட்டது. ஆபிரகாம் மரியசெல்வத்தின் நூல் 1988-இல் இவ்வொப்பீட்டை விரிவாகச் செய்தது. நேரடித் தொடர்பு இருந்ததாக நாம் துணியவில்லை. தோகையும் சந்தனமும் கடல் கடந்து சென்றதனாலே பாடலும் சென்றது என்று சொல்ல இன்னும் சான்று வேண்டும். ஆயினும் ஒப்பீடு தன்னளவிலே பயனுடையது. தமிழ் முல்லைப் பாடலில் தலைவன் கார்காலம் தொடங்கும்போது திரும்புவதாகச் சொல்லிச் செல்கிறான். உன்னதப்பாட்டின் காதலன் மழை முடிந்தபோது வருகிறான். பருவம் தலைகீழ். ஆனால் இரண்டிலும் பருவக்குறியே காதலுக்குச் சாட்சி.

குறுந்தொகையின் 66-ஆம் பாடலில் கோவர்த்தனார் ஒரு தோழியைப் பேசவைக்கிறார். கொன்றை பூத்துவிட்டது, தலைவன் வரவில்லை. தலைவி கலங்குகிறாள். தோழியோ, கொன்றை அறிவற்றது, காலமல்லாத காலத்து மழையைக் கார் என்று மயங்கிப் பூத்துவிட்டது என்கிறாள். கேட்போர் அனைவரும் அறிவர், கொன்றை தவறவில்லை என்று. தலைவியின் உயிரைத் தாங்க வேண்டித் தோழி சாட்சியைப் பொய்யாக்குகிறாள். உன்னதப்பாட்டின் காதலன் சாட்சிகளை ஒவ்வொன்றாக அழைக்கிறான். குறுந்தொகையின் தோழி ஒரே சாட்சியைக் கூண்டிலேற்றிக் குற்றம் சாட்டுகிறாள். தோழியின் பொய்யில் அன்பு உண்டு. அவள் தலைவியை விட்டு அகலாமல் உடனிருப்பவள்.

நம் மேடைகளில் நிகழ்வது இவ்விரண்டிலும் சேராதது. பூக்காத கொன்றையைப் பூத்தது என்பதும், சொன்னபின் உடனிராமல் அடுத்த ஊருக்குச் செல்வதும் அதன் இயல்பு. நாம் ஆயராயிருந்த சபையொன்றில் வளர்ந்த மகனை இழந்த தாய் ஒருவர் இருந்தார். இரண்டு மாதம் சென்றிருக்கும். கூட்டங்களுக்கு வந்த ஊழியர் ஒருவர் அவர் தலைமேல் கைவைத்து இவ்வசனத்தையே உரைத்து, அம்மா, உங்கள் மாரிகாலம் இன்றோடு முடிந்தது என்றார். சில வாரம் கழித்து அத்தாய் நம்மிடம் வந்து, “ஐயரே, அவர் முடிந்தது என்று சொல்லிவிட்டார், எனக்கு முடியவில்லையே, என் விசுவாசம் குறைச்சலா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு முன் நம் இறையியற் கல்வியெல்லாம் நின்றுபோயிற்று. அவ்வூழியர் வசனத்தைத் தவறாகச் சொல்லவில்லை. எந்த மலரைக் கண்டு அதனைச் சொன்னார் என்பதுதான் கேள்வி. அவ்வீட்டிற்குள் அவர் சென்றதில்லை. அத்தாய் உண்கிறாரா உறங்குகிறாரா என்று கேட்டதில்லை. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், மகனின் பெயரைத் தாமாக எடுத்து, அவன் சிறுவயதுக் குறும்பொன்றைச் சொல்லி அத்தாய் சிரித்தார். அதை ஒரு குறி என்று நாம் மனத்திலே குறித்துக்கொண்டோமேயன்றி அவரிடம் சொல்லவில்லை. ஒரு குறி போதாது என்று ரபிமார் கூறினரே!

திருமறை மாணவர் மேற்கண்ட பகுதியைத் தனியே அறுத்தெடுக்காமல் நூலின் போக்கில் வைத்து வாசிப்பாராயின் மற்றொன்றும் விளங்கும். காதலனின் இவ்வழைப்பை நமக்குச் சொல்பவள் காதலியே. அவன் இவ்வாறு சொன்னான் என்று பத்தாம் வசனத்தில் அவளே தொடங்குகிறாள். அவன் அழைத்ததும் அவள் எழுந்து சென்றாள் என்று எங்கும் கூறப்படவில்லை. கன்மலை வெடிப்பிலிருந்து முகம் காட்டும்படி அவன் மீண்டும் வேண்டவேண்டியிருக்கிறது. அடுத்த வசனத்திலே குழிநரிகள் வந்துவிடுகின்றன. பூத்திருக்கும் தோட்டத்துக்குத்தான் நரியால் கேடு அதிகம். பதினேழாம் வசனத்தில் அவள் அவனை மலைகளின் மேல் திரும்பும்படி சொல்கிறாள். திரும்பி வரச் சொன்னாளா, திரும்பிப் போகச் சொன்னாளா என்பதில் உரையாசிரியர் ஒன்றுபடவில்லை. அழைப்பு மறுமொழியின்றி நிற்கிறது.

மறுமொழி மெல்ல வருகிறது. ஆறாம் அதிகாரம் 11-ஆம் வசனத்தில் ஒருவர் வாதுமைத் தோட்டத்துக்கு இறங்கிச் செல்கிறார். பேசுபவர் அவனா அவளா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பள்ளத்தாக்கின் பசுமையைப் பார்க்கவும், திராட்சை துளிர்த்ததா, மாதளை பூத்ததா என்று அறியவும் செல்வதாக அங்கே கூறப்படுகிறது. அதன்பின் ஏழாம் அதிகாரத்தில் ஐயத்துக்கு இடமின்றி அவளே பேசுகிறாள். வயல்வெளிக்குப் போவோம், கிராமங்களில் தங்குவோம், அதிகாலையில் எழுந்து திராட்சைத் தோட்டங்களுக்குச் செல்வோம் என்கிறாள். இரண்டாம் அதிகாரத்தில் அவன் எவற்றை நிகழ்ந்துவிட்டதாக அறிவித்தானோ அவற்றையே அவள் வினாவாக மாற்றுகிறாள்: கொடி துளிர்த்ததா, அதன் பூ விரிந்ததா, மாதளை பூத்ததா, போய்ப் பார்ப்போம். அவன் சொல்லை அவள் மறுக்கவில்லை. அவனை உடன் அழைத்துக்கொண்டே பார்க்கப் போகிறாள். தன் நேசத்தை அவனுக்குத் தருவதாகச் சொல்வதும் அங்கே, அக்கொடிகளின் நடுவே. அவர்கள் வாசற்படிகளில் புதியனவும் பழையனவுமாகிய கனிகள் இருக்கின்றன. பழையனவற்றையும் அவள் அவனுக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.